புறங்கையைக் கிட்டார் தொடாது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எலிக்குட்டி எழுதுகிறேன். இங்கே அம்மா, அண்ணன், நான் மூவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறோம். உன் முதுகு எப்படி இருக்கிறது? பெட்டி அடுக்கும் வேலையை விட்டு, ஒட்டும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாயா?

நீ சொன்னபடி உன் கடிதங்களைத் தையலம்மா கடையில்தான் வாங்கிக்கொள்கிறேன். "என்னடி உங்க அக்கா, லெட்டர் எழுதுறாளா, துணி அனுப்புறாளா? இந்தக் கனம் கனக்குது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. போனில் பேச முடியாது. அம்மாவின் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்க்கிறான்.

நீ கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன கிட்டாரை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. நீ போய் நாலு மாதமாகிறது, அதன் மேல் ஒட்டடை கட்டியிருந்தது. நீ நகலெடுத்து வைத்திருந்த கிட்டார்ப் பாடப் புத்தகமும் இருந்தது. ஆனால் அது ஏழாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கம்பியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அந்த முதல் ஆறு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் சத்தம் நன்றாக வரும்வரை முறுக்கலாம் என்று முறுக்கிக்கொண்டே போனேன். மெல்லிய கம்பி அறுந்து கன்னத்தில் அடித்துவிட்டது. ஒரு வாரமாக வீக்கமும் நீலமுமாக இருக்கிறது. நீ கவலைப்பட வேண்டாம்.

சமையலறைக் கதவு மறுபடி பிளந்துவிட்டது. அண்ணனே புதுச் சட்டம் போட்டு ஒட்டிவிட்டான். ஒட்டு இருப்பதே தெரியவில்லை.

கம்பியை எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் எலிக்குட்டி


ஜூன் 18

என் எலிக்குட்டிக்கு,

முதுகு பழகிவிட்டது. இப்போது ஒட்டும் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். நீ சாப்பிடுகிறாயா? அம்மாவுக்குத் தலைசுற்றல் எப்படி?

கிட்டார் உனக்குத்தான். விடுதியில் என்னோடு இருக்கிற கேன்டீன்காரி ஒன்று வைத்திருக்கிறாள். பொம்மைக் கடையில் வாங்கினதோ என்னவோ, வெயிலில் வைத்தால் வளைகிறது. அதில்தான் நானும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆறு பக்கம் எனக்கும் கிடைக்கவே இல்லை. நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். தடித்த கம்பியை ரொம்ப இறுக்காமல், ரொம்பத் தொளதொளவென்று விடாமல் வை. தண்டில் உலோகக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, மேலிருந்து ஐந்தாவது கோட்டுக்குச் சற்று முன்னால் அந்தக் கம்பியை அழுத்தி மீட்டு. அந்தச் சத்தம்தான் அடுத்த கம்பிக்கு. இப்படியே ஒவ்வொன்றும். மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வருகிற கம்பியை மட்டும் நான்காவது கோட்டில் அழுத்தி, அதற்கு அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஏனென்று என்னைக் கேட்காதே. படம் போட்டு வைத்திருக்கிறேன். புதுக் கம்பி ஒன்றும் சுருட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கும் மெல்லிய கம்பி இரண்டு தடவை அறுந்திருக்கிறது. ஒருமுறை நெற்றியில் பட்டது. சிவப்பாக ஒரு கோடு விழுந்து மறுநாள் காலை போய்விட்டது. உனக்கு ஒரு வாரமாக வீக்கமா? எந்தக் கன்னம்?

படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு. என் முகவரி அதில் இருக்கிறது.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் தலைசுற்றல் குறைந்திருக்கிறது. கேன்டீன் அக்காவையும் கேட்டதாகச் சொல்.

உன் படத்தைப் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். மூன்று நாள் ஆனது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இறங்குகிறது. ஆனால் ஆறும் சேர்ந்த அந்த நிமிடத்தில் பக்கத்து அறையில் யாரோ ஜன்னலைத் திறந்தது போல் இருந்தது. இரண்டு விரலால் பிடிக்கிற கார்டு வருகிறது. மூன்று விரல் கார்டு பாதி வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துவிடலாம் என்கிறார் தையலம்மா. சில நாள் மத்தியானம் அவர் கடையில் வைத்துத்தான் வாசிக்கிறேன். வீட்டில் என்றால் கம்பிக்கு அடியில் துணியைச் செருகிக்கொள்வேன். ஆறு மணிக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டான். தட்டிப் பார்த்துச் சிரித்தான். "இது மரமில்லடி, அட்டை. தச்சன் வீட்டுல அட்டையை வச்சு மினுக்குறியா?" என்றான். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கணக்கு டீச்சர் என் கையைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். புறங்கையில் கன்றியிருந்தது. கிட்டார் பழகுகிறேன் டீச்சர், இப்படித்தான் ஆகும் என்றேன். நம்பிவிட்டார். அவர் உன் பழைய டீச்சர் என்பதால் எப்போதாவது உன்னிடம் கேட்டால் நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு.

வலது கன்னம். இப்போது சரியாகிவிட்டது.

உன் எலிக்குட்டி


ஜூலை 11

எலிக்குட்டிக்கு,

நான் நலம். இன்று வேறெதுவும் விசாரிக்கவில்லை.

கிட்டார் விரல்நுனியை அறுக்கும். தோலை உரிக்கும். பிறகு காய்த்துப் போகும். புறங்கையை அது தொடாது. நான் சொல்ல மாட்டேன், டீச்சரிடமும் யாரிடமும்.

அண்ணன் இடதுகைக்காரன். அவன் எதிரே நின்றால் அடி வலது கன்னத்தில்தான் விழும். எனக்கும் எல்லாம் வலது பக்கம்தான்.

நான் கிளம்பிய அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அலமாரிக் கதவில் என் தலையை வைத்து மோதினான். நாலு தடவை. ஐந்தாவது தடவைக்குள் கதவின் கீல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவன் என்னை விட்டுவிட்டுக் கீலைப் பார்க்கப் போனான். "நல்ல மரம்டி, கெடுத்துட்டியே" என்றான். அம்மா என் தலைக்குத் துணியை வைத்துக்கொண்டு, "அவன் திருகாணி தேடுறான், அவனுக்கு எடுத்துக் குடு" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே வந்தேன்.

நான் இதை எழுதிவிட்டேன். இப்போது நீ எழுது. விடுதியில் உன்னைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பேருக்கு ஓர் அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். பரீட்சை இருந்தது. எல்லோரும் நலம். நீ அதே வேலையில்தான் இருக்கிறாயா? மழை உங்கள் பக்கமும் உண்டா?

கிட்டார் கை தவறிக் கீழே விழுந்துவிட்டது. பக்கவாட்டில் பிளந்துபோயிற்று. அண்ணன்தான் ஒட்டினான். பட்டறையிலிருந்து கிளாம்பு நாலு கொண்டுவந்து, பசை தடவி, சுற்றிலும் இறுக்கி, ஒரு நாள் முழுக்க யாரையும் தொட விடவில்லை. மறுநாள் சாப்பிடும்போது கிட்டாரை நடுவில் வைத்தான். "எங்க உடஞ்சதுன்னு காட்டு பாப்போம்" என்றான். நான் தேடுவது போல் தேடி, தெரியவில்லை அண்ணா என்றேன். "அம்மா, நீ காட்டு" என்றான். அம்மாவும் தேடினாள். அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். அன்றைக்கு முழுவதும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். இடது கைக்குப் பதில் வலது கையால் கம்பியை அழுத்த வேண்டும் என்றால் கிட்டாரில் என்ன மாற்ற வேண்டும்? பள்ளியில் ஒரு பெண் கேட்கிறாள். அவள் இடதுகைக்காரி.

அறை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. நீ இங்கே வரவே வேண்டாம். அண்ணன் விசாரித்தால் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

உன் எலிக்குட்டி


ஆகஸ்ட் 27

எலிக்குட்டிக்கு,

உடம்பு நலம். மழை இல்லை.

அந்தப் பெண்ணிடம் சொல். ஆறு கம்பியையும் கழற்றித் தலைகீழாக மாட்ட வேண்டும். தலைப்பக்கத்தில் ஆறு வெட்டு உள்ள வெள்ளைத் துண்டு இருக்கும். தடித்த கம்பியின் வெட்டு அகலம், மெல்லியதன் வெட்டு குறுகல். இடம் மாற்றினால் மெல்லிய கம்பி அகல வெட்டில் ஆடும், ஜிர்ரென்று சத்தம் வரும். காகிதத்தை மடித்து ஒரு பொட்டுப் பசை வைத்து வெட்டை அடைக்கச் சொல். தடித்த கம்பியின் வெட்டை மெல்லிய அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். இரண்டு மாதம் பழகினதெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கணும் என்றும் சொல்.

பிறவியில் இடதுகைக்காரி என்றால் தொடக்கத்திலேயே கேட்டிருப்பாள். பழகிய பிறகு கை மாற்றுகிறவளுக்கு ஒரு கையில் ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

எந்த விரல், எலிக்குட்டி?

அக்கா


செப்டம்பர் 3

அக்காவுக்கு,

மணி என்ன என்று தெரியவில்லை. குளியலறையில் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கு போடவில்லை, டார்ச் இருக்கிறது. யாராவது எழுந்தால் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

இடது கை மோதிர விரல். நடு விரல் பரவாயில்லை, மடங்குகிறது.

ஜூலை இருபத்தாறு. யாரோ சமையலறை அலமாரி சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் அண்ணன் நாலு மணிக்கே வந்துவிட்டான். நான் மூன்று விரல் கார்டில் மூழ்கியிருந்தேன், காலடிச் சத்தமே கேட்கவில்லை. கிட்டாரைப் பிடுங்கிக் கதவு நிலையில் ஒரே அடி. பிறகு மிகவும் பொறுமையாகப் பேசினான். "உங்க அக்கா எங்க இருக்கான்னு சொல்லு, இதை நான் ஒட்டித் தரேன்" என்றான். தெரியாது என்றேன். கீழே பட்டறைக்குக் கூட்டிப்போனான். பலகைகளை ஒட்டி இறுக்குகிற இரும்பு கிளாம்பு உனக்குத் தெரியும். மேசை விளிம்பில் என் இரண்டு விரலை வைத்து அதை மாட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கேட்டான். கத்தவே இல்லை. "எங்க இருக்கா?" என்று கேட்பான், பிறகு ஒரு சுற்று. பலகைக்கு இறுக்கும்போது அளவு பார்ப்பானே, அதே மாதிரி குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

அம்மா வாசற்படியில் நின்றாள். "சொல்லித் தொலையேண்டி" என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

ஏழாவது சுற்றில் விரலிலிருந்து சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்பார்கள் என்று அவனே இரண்டு மரத்துண்டை மெல்லியதாக இழைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, விரலின் இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினான். உறுத்துகிறதா, உறுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டே கட்டினான். மூன்று வாரம் கழித்துப் பிரித்தபோது விரல் வளைந்தே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டான். நான் ஆட்டியிருப்பேனாம்.

நான் சொல்லவில்லை அக்கா. ஏழு சுற்றுக்கும் சொல்லவில்லை.

கம்பிகளை மாற்றிவிட்டேன். நீ சொன்ன மாதிரி காகிதம் வைத்தேன், சத்தம் போய்விட்டது. வலது கை முட்டாள் மாதிரி இருக்கிறது. இரண்டு விரல் கார்டு மட்டும் வருகிறது. அவன் இன்னும் கவனிக்கவில்லை.

உன் கடிதங்களைக் கிழிக்க மனம் வரவில்லை. எல்லாம் கிட்டாருக்குள்தான் இருக்கின்றன. அவன் ஒட்டித் தந்த பிறகு வட்டத் துளை வழியாகப் போட்டுவிட்டேன். அது அட்டை என்று சொல்லிவிட்டதால் அவன் இனித் தொட மாட்டான்.

எ.


செப்டம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே இந்த வீட்டில் எல்லோருடைய எண்ணமும். அம்மா உன்னை நினைத்துச் சரியாகச் சாப்பிடுவதில்லை. சின்னவள் நலம். இரண்டு நாளாகக் காய்ச்சல், அதனால் பள்ளிக்குப் போகவில்லை. வேறொன்றுமில்லை.

அவளுடைய கிட்டாரில் நான் ஒட்டிய ஒட்டு ஓரமாகத் திறந்துகொண்டது. என் கையால் ஒட்டினது திறந்ததே இல்லை. அதனால் பின்பலகையை முழுதாக எடுத்து மறுபடி செய்யலாம் என்று பிரித்தேன். உள்ளே காகிதம் கிடந்தது. காகிதம் இருந்தால் சத்தம் எழும்பாது. எடுத்துவிட்டேன். நீ நன்றாகப் படம் போடுகிறாய். கம்பிகளை மாற்றி மாட்டியிருந்தாள், அதையும் பழையபடி மாட்டிவிட்டேன்.

வீட்டை விட்டு வெளியே இருக்கிற பெண்ணைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். துணிமணியைக் கட்டி வை. விடுதிக்காரர்களிடம் சத்தம் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நீ வராவிட்டால் திரும்பி இங்கேதான் வருவேன். இங்கே சின்னவள் இருக்கிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 16

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பதில் சந்தோஷம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

நீ எழுதியது எல்லாம் நியாயம். எனக்கும் இங்கே அலுத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் கதவைக் கெடுத்தது நான்தான். சின்னவளை ஒன்றும் சொல்லாதே, அவள் பிழையில்லை. நான்தான் எழுதச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்கள். இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஐந்தாம் நடைமேடையில் நில். அன்றைக்கு எனக்குக் கடைசிக் கணக்கு முடிக்கிற வேலை இருக்கிறது, இரண்டு மணி ஆகலாம், மூன்றும் ஆகலாம். தாமதமானாலும் காத்திரு. பெட்டி இரண்டு இருக்கிறது, என்னால் தனியாகத் தூக்க முடியாது. நீ அதிகாலைப் பேருந்தைப் பிடித்தால் பதினொரு மணிக்கு வந்துவிடலாம்.

வெறும் வயிற்றோடு பயணம் செய்யாதே.

உன் தங்கை


செப்டம்பர் 22

அனுப்புநர்
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
தச்சுப் பட்டறை மாடி வீடு.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: என் அண்ணனைப் பற்றிய புகார்.

மதிப்பிற்குரிய அம்மா,

நான் இதுவரை விடுப்புக் கடிதம் தவிர வேறு மனு எழுதியதில்லை. தவறு இருந்தால் மன்னிக்கவும். ஏட்டையா, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றார். நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். என் அக்கா என் பக்கத்தில் இருக்கிறாள். நேற்று இரவுப் பேருந்தில் ஏறி இன்று காலை வந்தாள். எதை எழுத வேண்டும் என்று அவள் சொல்லித் தரவில்லை.

என் அண்ணன் ஜூலை 26 அன்று பட்டறையில் கிளாம்பை வைத்து என் இடது கை மோதிர விரலை உடைத்தான். செப்டம்பர் 11 அன்று கிட்டாருக்குள் இருந்த என் அக்காவின் கடிதங்களைப் பார்த்த பிறகு இடுப்பு வாரால் முதுகிலும் காலிலும் அடித்தான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பிறகு உளியின் பின்பக்கத்தால் வலது காதுக்கு மேலே அடித்தான். அந்தக் காதில் இப்போது சரியாகக் கேட்கவில்லை. பதினோரு நாளாக அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தான். அந்தத் தாழ்ப்பாளை அவன் அன்றைக்குத்தான் புதிதாக வைத்தான். காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லியிருந்தான். இன்று அதிகாலை அவன் வெளியூர் போன பிறகு அக்காவும் தையற்கடை அம்மாவும் வந்து திறந்தார்கள். என் முதுகைப் பெண் காவலர் பார்த்திருக்கிறார்.

என் முகத்திலும் கையிலும் முன்பு இருந்த காயங்கள் கிட்டார் பழகியதால் வந்தவை என்று பள்ளியில் சொல்லியிருக்கிறேன். கணக்கு டீச்சரைக் கேட்டால் அவர் அப்படித்தான் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. அது நான் சொன்ன பொய். கிட்டாரால் எனக்கு ஒரு காயமும் வரவில்லை.

ஏட்டையா, "கூடப்பொறந்த அண்ணன் மேல எழுதிட்டு நாளைக்கு எங்கம்மா போவ?" என்று கேட்டார். அக்கா அறை பார்த்திருக்கிறாள். ஒரு ஜன்னல், குழாய் வெளியே. அங்கே போவேன்.

அண்ணன் அக்காவைத் தேடிப் போயிருக்கிறான். அவள் வராததால் திரும்பி வருவான். அங்கிருந்து கடைசிப் பேருந்து இரவு ஒன்பதரைக்கு இங்கே வரும். இறங்கியதும் முதலில் வீட்டுக்குத்தான் போவான்.

வீட்டில் என் அம்மா தனியாக இருக்கிறாள். நாங்கள் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. "அவன் பசியோட வருவான், சோறு யாரு போடுறது?" என்று சொல்லிவிட்டாள். ஒன்பதரைக்கு முன்னால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் விசாரித்தால் அம்மா இந்தக் கடிதம் பொய் என்பாள். சின்னவள் படியில் விழுந்தாள் என்பாள். தன் முன்பல் எப்படிப் போனது என்று கேட்டால் தானும் படியில் விழுந்ததாகச் சொல்வாள். எங்கள் வீட்டுப் படி மொத்தம் ஒன்பதுதான்.

தயவுசெய்து அண்ணனை வெளியே நிற்க வைத்துவிட்டு அம்மாவிடம் கேளுங்கள். முதல் தடவை பொய்தான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொன்னேன். உட்கார்ந்து, திரும்பவும் ஒரு தடவை கேளுங்கள்.

இப்படிக்கு,
மாணவி